பழைய பிக்கப்பைக் காட்டுவழி வண்டியாக்கும் முன்: ஆர்.சி. புத்தகம் எதை அனுமதிக்கிறது?

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் பெட்டி ஏற்றி ஓய்ந்த பிக்கப் வண்டிகள் எங்கள் பக்கத்துத் தெருக்களில் நிறைய நிற்கின்றன. உப்புக் காற்றில் லோடு பாடி அரித்திருக்கும், எஞ்சின் மட்டும் நன்றாக இருக்கும். வீட்டிலுள்ள இளைஞர்களுக்கு அந்த வண்டியைப் பார்த்ததும் ஒரு கனவு வருகிறது. அச்சைத் தாங்கும் கமான் பட்டையை உயர்த்தி, பெரிய டயர் போட்டு, முன்னால் இரும்புக் கம்பி கட்டி, கூரையில் நான்கு விளக்கு வைத்துச் செம்மண் மேட்டில் ஏற வேண்டும் என்று.

என் சித்தப்பா மகனுக்கும் அந்தக் கனவு வந்தது. பண்ருட்டிச் சந்தைக்குப் பலாப்பழம் சுமந்த வண்டியை ஒரு பட்டறையில் விட்டான். லோடு பாடியை வெட்டி எடுத்தார்கள், பின்னால் இரண்டு பெஞ்சு வைத்தார்கள், உயரத்தைக் கூட்டினார்கள். அடுத்த தகுதிச் சான்றுக்குக் கொண்டுபோனபோது ஆய்வாளர் ஆர்.சி. புத்தகத்தையும் (வண்டியின் பதிவுச் சான்று) வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். வெட்டிய பாடியைப் பட்டறைக்காரர் பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருந்தார். வேறொரு பாடி தேடிப் பிடித்துப் பழையபடி பற்றவைக்க ஆன செலவு, மாற்றியமைக்க ஆன செலவை மிஞ்சியது. பற்றவைப்புக் கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஒருவர் இந்தச் சட்டத்தை அவனுக்கு எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சொல்வது

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவுதான் இதற்கு அடிப்படை. தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கும் பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கும் வேறுபாடு வரும்படி எந்த உரிமையாளரும் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 'மாற்றம்' என்ற சொல்லுக்கும் அதே பிரிவில் விளக்கம் இருக்கிறது: வண்டியின் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடும் கட்டமைப்பு மாற்றம்.

மாநில விதிகளின்படி அதிகாரி ஒப்புக்கொண்டால் போதும் என்று முன்பு பலர் வாதாடினார்கள். கேரளத்திலிருந்து சென்ற அப்படி ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. நிறுவனம் கொடுத்த மூல விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்ற இடமில்லை, மாநில விதிகள் மத்தியச் சட்டத்துக்கு உட்பட்டே நிற்கும் என்று அது தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே 'அலுவலகத்தில் ஆள் இருக்கிறார், பதிந்து கொடுத்துவிடுவார்' என்று யாராவது சொன்னால் அதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். சட்டத்துக்கு மாறாகப் பதிந்த பதிவு உங்களைக் காப்பாற்றாது.

தண்டனையும் 2019 திருத்தத்தில் கூடியது. 182-அ பிரிவின்படி, அனுமதியில்லாமல் வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஐந்து மாற்றம் என்றால் 25,000 ரூபாய். இது பட்டறைக்காரர் மீது விழுவதில்லை, உங்கள் மீது விழுகிறது.

ஆர்.சி.யை எப்படிப் படிப்பது

சட்ட மொழி புரியாவிட்டாலும் ஆர்.சி. புத்தகம் புரியும். அதில் வண்டியின் வகை, பாடியின் வகை, எஞ்சின் எண், சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) எண், எரிபொருள், சிலிண்டர் எண்ணிக்கை, எஞ்சின் கொள்ளளவு, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலான தூரம், இருக்கைகள், வெற்று எடை, நிறம் ஆகியவை பதிவாகியிருக்கும். சரக்கு வண்டியாக இருந்தால் ஒவ்வொரு அச்சிலும் எத்தனை டயர், என்ன அளவு என்பதும், அச்சு தாங்கும் எடையும் சேர்ந்திருக்கும். நீங்கள் செய்ய நினைக்கும் வேலை இந்த வரிகளில் ஒன்றையாவது பொய்யாக்குமா என்று பாருங்கள். பொய்யாக்கும் என்றால் அங்கேயே நிறுத்துங்கள்.

இப்படிப் பார்த்தால் நிறைய வேலை சட்டத்தில் சிக்காமல் தப்பும். எஞ்சினைப் பிரித்துச் சீரமைப்பது, பின்னச்சிலுள்ள கிரவுன் பல்சக்கரத்தைச் சரிசெய்வது, தேய்ந்த கமான் பட்டைக்குப் பதிலாக அதே அளவுப் பட்டை போடுவது, பிரேக்கைப் புதுப்பிப்பது, அரித்த தகட்டை அதே வடிவில் மாற்றுவது, நிறுவனம் அந்த மாடலுக்குச் சொன்ன அளவில் முரட்டுப் பட்டன் டயர் போடுவது எல்லாம் பழுதுபார்ப்பில் சேரும். மண் பாதையில் போக ஒரு வண்டிக்குத் தேவையானதில் பெரும்பகுதி இவ்வளவுதான். உயரமும் அகலமும் பார்வைக்கு மிரட்டலாகத் தெரியலாம். சேற்றில் வண்டியை இழுத்து வெளியே கொண்டுவருவது நல்ல டயரும் நல்ல கிளட்சும் ஓட்டுபவரின் பொறுமையும்தான்.

சிக்கும் வேலைகளைச் சொல்கிறேன். சேசிஸை வெட்டுவது, நீட்டுவது, குறைப்பது மன்னிக்க முடியாத மாற்றம். லோடு பாடியை எடுத்துவிட்டு இருக்கை போடுவதும் அப்படியே. சரக்கு வண்டிக்கான பாதுகாப்புச் சோதனை வேறு, பயணி வண்டிக்கானது வேறு. பெஞ்சு பற்றவைப்பதால் சரக்கு வண்டி பயணி வண்டியாகிவிடாது. பின்னால் உட்கார்ந்தவருக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பை மறுக்க இடமிருக்கிறது, சரக்கு வண்டியில் இலவசமாக ஏறியவர்களைப் பற்றி உச்ச நீதிமன்றமே அப்படித் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. இரண்டு சக்கர இயக்கமாக வந்த வண்டியில் நான்கு சக்கர இயக்கத்தைப் பொருத்துவது எடையையும் அச்சையும் மாற்றிவிடும். அந்த ஆசை இருந்தால் நிறுவனமே நான்கு சக்கர இயக்கத்தோடு விற்ற பழைய பிக்கப்பைத் தேடி வாங்குங்கள். இசுசு, டாடா, மகிந்திரா மூன்றிலும் அப்படிப்பட்ட வண்டிகள் வந்திருக்கின்றன. அதில் நீங்கள் எதையும் வெட்ட வேண்டியதில்லை.

முன்னால் கட்டும் இரும்புக் கம்பியை எதிர்த்து மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. நடந்து போகிறவர் மீது மோதினால் காயத்தை அந்தக் கம்பி பெரிதாக்குகிறது, வண்டிக்குள் இருப்பவரைக் காக்கும் அமைப்பையும் கெடுக்கிறது. முன்பக்கம் தேடுவிளக்கு பொருத்துவதை மத்திய மோட்டார் வாகன விதிகளின் 111-ஆவது விதி தடுக்கிறது, தனிச் சூழலில் பதிவு அதிகாரியின் ஒப்புதல் இருந்தால் மட்டும் விலக்கு. பல குரல் ஹாரனுக்கும் அனுமதியில்லை. கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லிவிட்டது.

அனுமதி பெற்றுச் செய்யக்கூடியவை

எல்லாவற்றுக்கும் கதவு மூடவில்லை. எஞ்சின் தேய்ந்துவிட்டால் வேறு எஞ்சின் போடலாம், ஆனால் முன்அனுமதி வேண்டும், புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அந்த எஞ்சினை வாங்கிய ரசீதும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆதாரமும் கையில் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். அங்கீகாரம் பெற்ற கருவித் தொகுப்பைப் பொருத்திச் சி.என்.ஜி.க்கோ மின்சாரத்துக்கோ மாறவும் வழி இருக்கிறது. நிறம் ஆர்.சி.யில் உள்ள விவரம் என்பதால், மாற்றினால் அதையும் பதிய வேண்டும். மாற்றுத்திறனாளிக்காகக் கையால் இயக்கும் அமைப்புப் பொருத்துவதற்குச் சட்டமே தனி இடம் கொடுத்திருக்கிறது.

விண்ணப்பத்தை மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வாகன மாற்றத்துக்கான சேவையில் பதிந்து, பிறகு வண்டியோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, ரசீதுகள், கருவித் தொகுப்பின் அங்கீகாரச் சான்று ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். வண்டியின் மேல் கடன் இருந்தால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும். வேலை முடிந்ததும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துப் பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள், பலர் மறப்பது இதைத்தான்.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. உப்பால் சேசிஸில் குத்திய எண் மங்கியிருக்கும். பட்டறையில் துருவைச் சுரண்டும்போது அந்த இடத்தைத் தேய்த்துவிட்டால், அல்லது 'நானே குத்தித் தருகிறேன்' என்று யாராவது சுத்தியலை எடுத்தால், வண்டியே கைவிட்டுப் போகலாம். வண்டியில் இருக்கும் எஞ்சின் எண்ணோ சேசிஸ் எண்ணோ ஆர்.சி.யோடு ஒத்துப்போகவில்லை என்றால் பதிவையே ரத்து செய்ய 55-ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. பெயின்ட் அடிக்கும் முன் அந்த எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். படிக்க முடியாத நிலையில் இருந்தால் முதலில் பதிவு அதிகாரியிடம் காட்டுங்கள்.

வயதும் எல்லையும்

பத்து ஆண்டு தாண்டிய டீசல் வண்டி ஓடக் கூடாது என்பது தில்லியையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் பற்றிய பேச்சு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது பொருந்தாது. இங்கே சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 ஆண்டு செல்லும், பிறகு ஆய்வுக்கு உட்பட்டு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். படிவம் 25-ஐப் பதிவு முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் கொடுக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டிய இலகுரக வண்டிக்கு 2022 ஏப்ரல் முதல் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய், 20 ஆண்டு தாண்டியதற்கு 2025-இல் 10,000 ரூபாய் ஆக்கப்பட்டது. சரக்கு வண்டிக்குத் தகுதிச் சான்றுதான் உயிர். எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுதோறும் எடுக்க வேண்டும்.

ஏலத்தில் அரசு ஜீப்போ அரசு பிக்கப்போ மலிவாகக் கிடைக்கிறது என்று ஓடாதீர்கள். 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. அவை உடைப்பு நிலையத்துக்குப் போக வேண்டியவை. உங்கள் வண்டியே சரிசெய்ய முடியாத நிலையில் இருந்தால் பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்குங்கள். அந்தச் சான்றைக் காட்டினால் புதிய வண்டியின் வரியில் சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரையும், போக்குவரத்து வண்டிக்கு 15 சதவீதம் வரையும் சலுகை தர மத்திய விதி வழி செய்திருக்கிறது.

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 22 கி.மீ.தான். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டினால் சட்டம் தளர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. வரியும் சில மாநில விதிகளும் வேறாக இருக்கலாம், 52-ஆவது பிரிவு இரண்டு பக்கமும் ஒன்றே. புதுச்சேரி எண்ணுள்ள வண்டியை வாங்கிக் கடலூரில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவு எண் பெற வேண்டும். அதற்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். பின்னால் வாங்கலாம் என்று விட்டால், விற்றவர் ஊரை விட்டுப் போனபிறகு தேடி அலைய நேரிடும்.

எங்கே ஓட்டுவது

முழுக்க மாற்றியமைத்த வண்டிதான் வேண்டும் என்றால் அதைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகும் எந்த இடமும் சட்டத்தின் பார்வையில் பொது இடம், தார்ச்சாலை மட்டுமல்ல. சுற்றுவேலி போட்ட சொந்த நிலத்துக்குள் மட்டும் ஓட்டி, அங்கே கொண்டுபோக வேறொரு வண்டியில் ஏற்றிச் செல்வதுதான் நேர்மையான வழி.

தேவனாம்பட்டினம் கடற்கரையோ வீராம்பட்டினம் கடற்கரையோ அதற்கான இடமல்ல. மணல் மேடுகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளில் மிக உயர்ந்த பாதுகாப்பில் இருப்பவை. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ஆலிவ் ரிட்லி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. பெரிய டயரின் தடத்துக்குக் கீழே, மணலுக்குள் ஒரு முழ ஆழத்தில், நூறுக்கும் மேற்பட்ட முட்டைகள் இருக்கலாம்.