தாய்லாந்து அரசு அலுவலகங்களில் வெளிநாட்டவர் எழுத்தில் கேட்டு வாங்கக்கூடியவை

தாய்லாந்துக்கு வேலைக்கோ தொழிலுக்கோ வந்து அப்படியே தங்கிவிட்ட நம்மவர்களிடம் பேசினால் ஒரு பேச்சு கட்டாயம் வரும்: "நாம வெளிநாட்டுக்காரங்க, நமக்கு என்ன உரிமை இருக்கு, சொன்னதைச் செஞ்சிட்டுப் போயிடணும்." இது பாதிதான் உண்மை. ஓட்டு கிடையாது, நம் பேரில் நிலம் வாங்குவது கிட்டத்தட்ட முடியாது, அரசியல் கூட்டத்தில் போய் நிற்பது புத்திசாலித்தனமும் இல்லை, சரி. ஆனால் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி என்னென்ன காகிதம் கேட்கலாம், எத்தனை நாளில் வேலையை முடிக்க வேண்டும், முடியாது என்றால் காரணத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் இந்த நாட்டில் சட்டமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி, விண்ணப்பிக்கிறவர் எந்த நாட்டுக்காரர் என்று பார்ப்பதில்லை. இது தெரியாததால்தான் நம் ஆட்கள் ஏஜென்டுக்குப் பணம் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

முதலில் 2015-இல் (அவர்கள் ஆண்டுக் கணக்கில் 2558) வந்த ஒரு சட்டம். அரசு அனுமதிகளை எளிதாகவும் வேகமாகவும் வழங்குவதற்கான சட்டம் அது. இங்கே வாழும் வெளிநாட்டவருக்கு இதைவிடப் பயன்படும் சட்டம் வேறு இல்லை என்றுதான் சொல்வேன். உரிமம், பதிவு, அனுமதி என்று எதை வழங்கும் அலுவலகமாக இருந்தாலும், பொதுமக்களுக்கான கையேடு ஒன்றைத் தயாரித்து வைத்திருக்க வேண்டும். தாய்லாந்து மொழியில் அதன் பெயர் 'கூ முவே பிரச்சாச்சொன்'. விண்ணப்பத்துக்கு என்ன நிபந்தனை, என்னென்ன ஆவணம், எத்தனை படிகள், எத்தனை நாள் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் பார்வையில் படும்படி வைக்க வேண்டும், இணையத்திலும் போட வேண்டும். பிரதி கேட்டால் கொடுக்க வேண்டும், அதற்கு அவர்கள் செலவுத் தொகை வாங்கிக்கொள்ளலாம்.

கையேடு இருக்கிறது என்பதைவிட முக்கியமானது அதன் பின்னால் வரும் 8-வது பிரிவு. விண்ணப்பத்தை வாங்கும் அதிகாரி அப்போதே சரிபார்க்க வேண்டும். ஏதாவது குறை இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். உடனே சரிசெய்ய முடியாத குறை என்றால், எந்தெந்த ஆவணம் பாக்கி, எந்தத் தேதிக்குள் கொண்டுவர வேண்டும் என்று எழுதி, அதிகாரியும் விண்ணப்பதாரரும் கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியை நம் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் குறிப்பில் உள்ளதை நாம் கொண்டுவந்து கொடுத்தபிறகு "இன்னும் ஒரு காகிதம் வேணும்" என்று புதிதாக ஆரம்பிக்க முடியாது, ஆவணம் போதவில்லை என்ற காரணத்தைக் காட்டி நிராகரிக்கவும் முடியாது. இரண்டு மூன்று தடவை அலையவிட்டு, கடைசியில் "அந்த ஆளைப் பாருங்க" என்று வெளியே நிற்பவரைக் கைகாட்டும் பழக்கம் எந்த நாட்டு அலுவலகத்துக்கும் புதிதல்ல. அதைத் தடுக்கத்தான் இந்தப் பிரிவு.

அப்புறம் 10-வது பிரிவு. கையேட்டில் சொன்ன நாளுக்குள் முடிக்கவில்லை என்றால், தாமதத்துக்கான காரணத்தை 7 நாளுக்கு ஒருமுறை எழுத்தில் நமக்குத் தெரிவித்துக்கொண்டே இருக்க வேண்டும், வேலை முடியும் வரை. அந்தக் கடிதத்தின் நகல் அரசு நிர்வாகச் சீர்திருத்தத்தைக் கவனிக்கும் ஆணையத்துக்கும் போக வேண்டும். நடைமுறையில் எல்லா அலுவலகமும் இதை ஒழுங்காகச் செய்கிறது என்று நான் சொல்லவில்லை. நான் பார்த்தவரை, கையேட்டின் பெயரைச் சொல்லி மரியாதையாக "அதில் இந்த ஆவணம் எங்கே இருக்கிறது, காட்டுவீர்களா" என்று கேட்டாலே பேச்சின் தோரணை மாறிவிடும். குரலை உயர்த்தினால் நேர்மாறாகத்தான் நடக்கும், அதிகாரி முகம் இறுகி உங்கள் ஃபைல் அடியில் போய்விடும்.

வாய்மொழியாக "முடியாது" என்று சொல்லி அனுப்பிவிட்டால்? இதற்கு 1996-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டம் இருக்கிறது. நிர்வாக உத்தரவு வாய்மொழியாகவும் இருக்கலாம் என்று அந்தச் சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவர் தகுந்த காரணத்தோடு 7 நாளுக்குள் கேட்டால் அதை எழுத்தில் உறுதிப்படுத்தித் தர வேண்டும். எழுத்தில் வரும் உத்தரவில் எந்த உண்மைகளை வைத்து, எந்தச் சட்டத்தின்படி, எதைக் கருத்தில் கொண்டு முடிவெடுத்தார்கள் என்ற காரணம் இருக்க வேண்டும். மேல்முறையீடு எப்படி, எத்தனை நாளுக்குள் செய்யலாம் என்பதும் இருக்க வேண்டும். தனிச் சட்டம் வேறு வழி சொல்லாவிட்டால் மேல்முறையீட்டுக்குப் பொதுவாக 15 நாள்தான், ரொம்பக் குறைவு. அந்தத் தகவலை உத்தரவில் போடாமல் விட்டுவிட்டு, பிறகும் தெரிவிக்காமல் இருந்தால், காலக்கெடு ஒரு வருடமாக நீண்டுவிடும். விதிவிலக்கான துறைகள் உண்டு என்றாலும், சாதாரண அலுவலகத்தில் கிடைக்கும் மறுப்புகளில் பெரும்பாலானவை இதற்குள் வரும்.

இனி தகவல் கேட்கும் உரிமை. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு ஆர்டிஐ பழக்கம் என்பதால் இங்கே அது இருக்கிறதா என்று கேட்பார்கள். இந்தியாவுக்கு முன்பே இங்கே வந்துவிட்டது: 1997-இல் இயற்றிய அரசுத் தகவல் சட்டம், அந்த வருடம் டிசம்பரில் அமலுக்கு வந்தது. அது எவ்வளவு தூரம் போகும் என்று காட்டிய வழக்கு அடுத்த வருடமே வந்தது. பாங்காக்கில் கசெட்சார்ட் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பள்ளியில் மகளுக்கு இடம் கிடைக்காத ஒரு தாய், விடைத்தாளையும் மதிப்பெண்களையும் காட்டுங்கள் என்று இந்தச் சட்டத்தின் கீழ் கேட்டார். பள்ளி மறுத்தது. விஷயம் தகவல் தீர்ப்பாயத்துக்குப் போய், உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் வெளியே வந்தது. செல்வாக்குள்ள குடும்பத்துப் பிள்ளைகள் மதிப்பெண் இல்லாமலே சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. அந்தக் காலத்தில் தாய்லாந்து முழுக்க இதைப் பற்றித்தான் பேச்சு. ஒரு தாய் எழுதிய மனுவால் ஒரு முழுச் சேர்க்கை முறையே கேள்விக்குள்ளானது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நம்பிக்கை வருகிறது.

வெளிநாட்டவருக்கு இந்தச் சட்டத்தில் எவ்வளவு இடம் என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒப்பந்தங்கள், திட்டங்கள், பட்ஜெட் மாதிரியான பொதுத் தகவல்களை 9-வது பிரிவின் கீழ் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், தனக்குத் தொடர்பு இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ஆனால் வெளிநாட்டவருக்கு அந்த உரிமை எந்த அளவு என்பதை அமைச்சக விதி முடிவு செய்யும் என்று அதே பிரிவு சொல்லிவிடுகிறது. 11-வது பிரிவில் தனியாகக் கேட்டு வாங்கும் தகவலுக்கும் அதே கட்டுப்பாடுதான். இங்கே நம் கை கட்டப்பட்டிருக்கிறது, அது எனக்கு நியாயமாகப் படவில்லை, வரி கட்டுகிறவன் வரிப்பணம் எங்கே போகிறது என்று கேட்கக்கூடாதா? ஆனால் சொந்தத் தகவல் விஷயத்தில் கதை வேறு. தாய்லாந்துக் குடியுரிமை இல்லாவிட்டாலும் தாய்லாந்தில் வசிப்பிடம் உள்ளவரும் 'நபர்' என்று 21-வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. அதனால் அரசு உங்களைப் பற்றி வைத்திருக்கும் பதிவை 25-வது பிரிவின் கீழ் நீங்கள் பார்க்கலாம், பிரதி வாங்கலாம், தப்பாக இருந்தால் திருத்தச் சொல்லலாம். திருத்த மறுத்தால் 30 நாளுக்குள் தகவல் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு உண்டு. பெயரின் எழுத்து ஒன்று மாறி, அப்பா பெயர் குடும்பப் பெயராகப் பதிவாகி, அதனால் வங்கியிலும் மருத்துவமனையிலும் அல்லாடும் தமிழர்களுக்கு இதைவிட உபயோகமான பிரிவு கிடையாது. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமே இல்லாததால் இந்தக் குழப்பம் நம்மிடம்தான் அதிகம்.

சட்டத்தின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். இந்திய ஆர்டிஐ 30 நாள் என்று கறாராகச் சொல்கிறது, இந்தச் சட்டம் "நியாயமான காலத்துக்குள்" என்று மட்டும் சொல்கிறது. இழுத்தடித்தால் பிரதமர் அலுவலகத்தின் கீழ் இருக்கும் அரசுத் தகவல் குழுவிடம் புகார் செய்யலாம், அவர்கள் 30 நாளில், நீட்டித்தாலும் 60 நாளுக்குள் முடிக்க வேண்டும். வெளியிட முடியாது என்று உத்தரவே போட்டுவிட்டால் 15 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். அரச குடும்பத்துக்குப் பாதிப்பு வரக்கூடிய தகவல் எந்தச் சூழ்நிலையிலும் வெளியே வராது. தேசப் பாதுகாப்பு, விசாரணை, அடுத்தவரின் மருத்துவ விவரம் போன்றவற்றில் அதிகாரிக்கு மறுக்கும் அதிகாரம் உண்டு.

தெருவில் உடைந்த நடைபாதை, எரியாத விளக்கு, அடைத்த வடிகால் மாதிரியான விஷயங்களுக்கு இவ்வளவு சட்டம் பேச வேண்டியதில்லை. பாங்காக்கில் ட்ராஃபி ஃபோன்டூ என்ற இணையப் புகார்ச் சேவை இருக்கிறது. அரசின் அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கியது, லைன் ஆப் வழியாகப் படமும் இடமும் அனுப்பினால் புகார் எண் வரும், எந்தத் துறையிடம் போயிருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீங்கள் எந்த நாட்டவர் என்பது அதற்குத் தேவையில்லை. 2022 மே மாதத் தேர்தலில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வாங்கி பாங்காக் நகர நிர்வாகத்தின் தலைவரான ஆளுநர் சட்சாட் சித்திபந்த் இதை நகரின் 50 மாவட்டங்களிலும் முழு மூச்சாக நடைமுறைப்படுத்தியபிறகுதான் மக்கள் பெரிய அளவில் இதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். அதற்கு முன் ஒன்பது வருடம் பாங்காக்கில் ஆளுநர் தேர்தலே நடக்கவில்லை, கடைசி ஐந்தரை வருடம் ராணுவ ஆட்சி நியமித்தவர்தான் பதவியில் இருந்தார். ஓட்டுக் கேட்டு வர வேண்டியவர் என்றால் வடிகால் அடைப்பு அவருக்கும் தலைவலி ஆகிவிடுகிறது, நம் கையில் ஓட்டு இல்லாவிட்டாலும் பக்கத்து வீட்டுக்காரர் கையில் இருக்கிறதே.

மற்ற 76 மாகாணங்களில் ஆளுநரை உள்துறை அமைச்சகம்தான் நியமிக்கிறது. அங்கே புகாருக்கு மாகாண அலுவலகத்தில் உள்ள தம்ரோங்தாம் மையம், தொலைபேசி எண் 1567. மையமும் அந்த ஆளுநரின் கீழ்தான் என்பதால், புகாரே அந்த அலுவலகத்தின் மேல் என்றால் அங்கே கொடுப்பதில் அர்த்தமில்லை. பிரதமர் அலுவலகத்தின் 1111-க்கோ, குறைகேட்பு ஆணையரின் 1676-க்கோ போவது நல்லது. லஞ்சம் என்றால் தேசிய ஊழல் தடுப்பு ஆணையத்தின் 1205. இதில் ஒன்றைக் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள்: லஞ்சம் கொடுப்பதும் குற்றம், குற்றவியல் சட்டத்தின் 144-வது பிரிவில் 5 வருடம் வரை சிறை. "எல்லாரும் கொடுக்கிறாங்க" என்பது பாதுகாப்பு அல்ல, விசாவில் இருப்பவருக்கு அது வேலையையும் வீட்டையும் சேர்த்து இழக்கும் விஷயம்.

இன்னொன்று, இது எச்சரிக்கையாகவே: அதிகாரியின் படத்தையும் பெயரையும் ஃபேஸ்புக்கில் போட்டு "இவர் காசு கேட்டார்" என்று எழுதாதீர்கள். தாய்லாந்தில் அவதூறு கிரிமினல் குற்றம், பொதுவெளியில் பரப்பினால் 328-வது பிரிவின் கீழ் 2 வருடம் வரை சிறையும் 2 லட்சம் பாட் வரை அபராதமும் உண்டு. சொன்னது உண்மை என்பதே எல்லா நேரத்திலும் உங்களைக் காப்பாற்றிவிடாது. அதே விஷயத்தைத் தேதி, நேரம், கவுண்டர் எண்ணோடு அதிகாரமுள்ள அமைப்புக்கு நல்லெண்ணத்தோடு எழுத்தில் கொடுத்தால் உங்கள் நிலை எவ்வளவோ பாதுகாப்பானது.

எதுவும் நடக்கவில்லை என்றால் 2001 முதல் இயங்கும் நிர்வாக நீதிமன்றம் இருக்கிறது. அரசு அலுவலகத்தின் செயலாலோ செய்யாமல் விட்டதாலோ பாதிக்கப்பட்டவர், வெளிநாட்டவர் உட்பட, அங்கே வழக்குப் போடலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, மனுவைப் பதிவுத் தபாலில்கூட அனுப்பலாம், இழப்பீடு கேட்காத வழக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமும் இல்லை. மனு தாய்லாந்து மொழியில் இருக்க வேண்டும், அதற்குத்தான் உதவி தேவைப்படும். மேல்முறையீட்டு வழி இருந்தால் அதை முதலில் முடித்திருக்க வேண்டும். பொதுவான காலக்கெடு 90 நாள், வழக்குக்கான காரணம் தெரிந்த நாளிலிருந்து. அதனால் அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தை உறையோடு வையுங்கள், நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு மனுவின் நகலிலும் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.