தேய்மானத்தை மறைக்கும் இயந்திரம்: பழைய சொகுசு ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குள் நடப்பது என்ன?

புதிதாக விற்பனைக்கு வந்தபோது மிகச் சிலரால் மட்டுமே வாங்க முடிந்த ஒரு சொகுசு ஃபோர் வீல் டிரைவ் வண்டி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு சாதாரணச் சிறிய காரின் விலைக்கே கிடைத்துவிடுகிறது. ஆனால் இறங்கியது வண்டியின் விலை மட்டுமே. அதன் உதிரிபாகங்களின் விலையும், அவற்றைக் கழற்றி மாட்டத் தேவைப்படும் உழைப்பும் முதல் நாளில் இருந்த உயரத்திலேயே நிற்கின்றன. இது பலரும் அறிந்த செய்திதான். அதைவிட முக்கியமானதும் குறைவாகவே பேசப்படுவதுமான இன்னொரு செய்தி உண்டு. இத்தகைய வண்டிகளின் பல அமைப்புகள் தம் தேய்மானத்தைத் தாமே ஈடுகட்டிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை. அதனால், பழுது வெளியே தெரியும் நேரத்தில் ஈடுகட்டும் திறனே தீர்ந்துபோயிருக்கிறது.

பட்டைவில் பொருத்திய பழைய ஜீப்பில் ஒரு வில் தளர்ந்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். சொகுசு வண்டியில் அப்படியில்லை. அங்கே ஒரு சென்சார் உயரத்தையோ, வேகத்தையோ, புகையில் உள்ள ஆக்சிஜனையோ அளக்கிறது. ஒரு கணினி அந்த அளவை இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிடுகிறது. வேறுபாடு இருந்தால் ஒரு மோட்டாரோ வால்வோ அதைச் சரிசெய்கிறது. ஓட்டுபவருக்குக் கிடைப்பது சரிசெய்யப்பட்ட விளைவு மட்டுமே. ஆகவே வாங்க வருபவர் பார்க்க வேண்டியது வண்டி சரியாக நிற்கிறதா, சரியாக ஓடுகிறதா என்பதை மட்டுமன்று. அப்படி நிற்கவும் ஓடவும் அது எவ்வளவு பாடுபடுகிறது என்பதையும்தான்.

இதற்கு மிகத் தெளிவான சான்று ஏர் சஸ்பென்ஷன். 1970இல் வந்த முதல் ரேஞ்ச் ரோவர், நிரந்தர நான்கு சக்கர இயக்கத்தோடு நீண்ட சுருள்வில்களையும் கொண்டிருந்தது. கரடுமுரடான வண்டியும் மென்மையாகப் போக முடியும் என்பதை அது காட்டியது. 1990களின் தொடக்கத்தில் அதே வண்டியில் சுருள்வில்களின் இடத்தைக் காற்று நிரம்பிய ரப்பர்ப் பைகள் பிடித்தன. பின்னர் வந்த பல நிறுவனங்களின் பெரிய வண்டிகளும் அதே வழியில் சென்றன.

காற்றுப் பையின் மேன்மை எளிய இயற்பியலில் இருக்கிறது. எஃகுச் சுருள்வில்லின் விறைப்பு ஏறத்தாழ மாறாதது. ஆகவே வண்டியில் ஆள்களும் சாமான்களும் ஏற ஏற அது தாழ்ந்துபோகும். மேலும் கீழும் ஆடும் வேகமும் மாறிவிடும். காற்றுப் பையில், எடை கூடும்போது கம்ப்ரஸர் கூடுதல் காற்றைச் செலுத்தி வண்டியைப் பழைய உயரத்துக்கே தூக்குகிறது. பையின் கொள்ளளவு அதேதான். உள்ளே அழுத்தம் மட்டும் உயர்ந்திருக்கிறது. அழுத்தம் உயரும் விகிதத்தில் பையின் விறைப்பும் உயர்வதால், ஒருவர் மட்டும் ஓட்டினாலும் ஏழு பேர் ஏறினாலும் வண்டி நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றேகால் முறை என்ற அதே நிதானத்தில்தான் அசைகிறது. சொகுசு என்று உடல் உணர்வதில் பெரும்பகுதி இந்த மாறாத தாளம்தான். நெடுஞ்சாலையில் வண்டியைச் சற்றுத் தாழ்த்திக் காற்றுத் தடையைக் குறைக்கவும், பாறைகளுக்கிடையே சில சென்டிமீட்டர் உயர்த்தவும் இதே பைகள் உதவுகின்றன.

இந்தப் பைக்குள் இருக்கும் அழுத்தம் சிறியதன்று. ஒரு சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 600 கிலோ எடை இருக்கிறது, அதைத் தாங்கும் பையின் செயற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், உள்ளே ஏறத்தாழ 6 பார் அழுத்தம் தேவைப்படும். கார் டயரில் நாம் நிரப்புவதைப்போல் இது இரண்டரை மடங்கு. இந்த அழுத்தத்தைத் தாங்கிக்கொண்டு, சக்கரம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் மடிந்து விரிய வேண்டியிருப்பதால், நூலிழைகளால் வலுவூட்டப்பட்ட ரப்பரின் அந்த மடிப்பில்தான் முதலில் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன. வெப்பமும் ஓசோனும் சேற்றுத் துகள்களும் அதை விரைவுபடுத்துகின்றன.

வெடிப்பு தோன்றியதும் வண்டி உடனே தாழ்ந்துவிடுவதில்லை. ஓட்டைக் குடத்தில் விடாமல் நீர் ஊற்றிக்கொண்டிருந்தால் நீர்மட்டம் இறங்காதல்லவா, அதுபோல கசியும் காற்றைக் கம்ப்ரஸர் நிரப்பிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்தக் கம்ப்ரஸர் அவ்வப்போது சிறிது நேரம் ஓடி, பிறகு ஆறுவதற்காகச் செய்யப்பட்ட சிறிய இயந்திரம். இடைவிடாது ஓடினால் அதன் பிஸ்டன் வளையம் தேய்கிறது, மோட்டார் சூடாகிறது. இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. உள்ளே இழுக்கப்படும் காற்றின் ஈரத்தை உறிஞ்ச ஓர் உலர்த்தி உண்டு. வண்டி தாழும்போது வெளியேறும் உலர்ந்த காற்று அதே உலர்த்தியின் வழியாகத் திரும்பிச் சென்று, அதில் தேங்கிய ஈரத்தை வெளியே கொண்டுபோய்விடும். பை கசியும் வண்டியில் காற்று அந்த வழியாகத் திரும்புவதில்லை. ஓட்டையின் வழியே போய்விடுகிறது. உலர்த்தி நனைந்தபடியே இருக்க, ஈரம் வால்வுத் தொகுதிக்குள் புகுந்து அரிக்கத் தொடங்குகிறது. இப்படி ஒரு பையில் தொடங்கிய குறை கம்ப்ரஸரையும் வால்வுகளையும் கெடுத்து, மூன்று மடங்குச் செலவாக முடிகிறது. கம்ப்ரஸர் எரிந்துபோன வண்டியில் கம்ப்ரஸரை மட்டும் மாற்றிவிட்டுப் பையைப் பார்க்காமல் விடுவது பணத்தை வீணாக்குவதே. புதிய கம்ப்ரஸரும் அதே காரணத்தால் சில மாதங்களில் போய்விடும்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் அளவு நாடா போதும். சமதளத்தில் நிறுத்திய வண்டியில், சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே சக்கர வளைவின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து குறித்துக்கொண்டு, ஓர் இரவு முழுவதும் இயக்காமல் விட்டு, காலையில் எஞ்சினை முடுக்குவதற்கு முன் மறுபடி அளக்க வேண்டும். இரவில் வெப்பம் 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கினால் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ நூற்றில் ஏழு பங்கு குறையும் என்பதால், நான்கு மூலைகளும் சிறிதளவு, ஒரே மாதிரி தாழ்வது இயல்பே. ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் அங்கே கசிவு இருக்கிறது. சில மாதிரிகள் நிறுத்தியிருக்கும்போதும் அவ்வப்போது விழித்து, தாழ்ந்த மூலைக்கு இணையாக மற்ற மூன்றையும் இறக்கிச் சமன்செய்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட வண்டியில் நான்கும் ஒன்றாக வெகுவாகத் தாழ்ந்திருப்பதே எச்சரிக்கை. சந்தேகம் வந்தபின் சோப்பு நீரைப் பையின் மடிப்பிலும் குழாய் இணைப்புகளிலும் தெளித்தால், குமிழ்கள் இடத்தைக் காட்டிவிடும்.

தானியங்கி கியர்பாக்ஸிலும் இதே கதை, இன்னும் ஆழமாக மறைந்து நடக்கிறது. ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு மாறுவது என்றால், எண்ணெய் அழுத்தத்தால் ஒரு கிளட்ச் அடுக்கு விடுபட, அதே கணத்தில் இன்னோர் அடுக்கு பிடிக்க வேண்டும். உராய்வுத் தகடுகள் தேயத் தேய, அவற்றை அழுத்தும் பிஸ்டன் கூடுதல் தூரம் நகர வேண்டியிருக்கிறது. பிடிக்கும் நேரம் பிந்துகிறது. கணினி உள்ளே வரும் சுழற்சியையும் வெளியேறும் சுழற்சியையும் ஒப்பிட்டு, இந்தத் தாமதத்தைக் கண்டறிந்து, அடுத்த முறை சற்று முன்னதாகவோ கூடுதல் அழுத்தத்துடனோ எண்ணெயைச் செலுத்தக் கற்றுக்கொள்கிறது. இந்தத் திருத்த அளவுகள் நினைவகத்தில் பதிவாகின்றன. தகுந்த ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கால் அவற்றைப் படிக்க முடியும். எல்லையை நெருங்கிய திருத்தம், ஓட்டும்போது எந்தக் குலுக்கலும் தெரியாத கியர்பாக்ஸின் உண்மை நிலையைச் சொல்லிவிடும்.

கியர்பாக்ஸ் எண்ணெய் வண்டியின் ஆயுள் முழுவதற்கும் போதும் என்று பல வண்டி நிறுவனங்கள் கையேட்டில் அச்சிட்டன. அதை நம்பக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இத்தகைய வண்டிகள் பலவற்றுக்குக் கியர்பாக்ஸ் செய்துதரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் எண்ணெயை மாற்றப் பரிந்துரைக்கிறது. வெப்பத்தால் எண்ணெயில் கலந்த வேதிச் சேர்ப்புகள் சிதைவதும், தகடுகளிலிருந்து உதிரும் துகள் அதில் சேர்வதும் எந்த முத்திரையிட்ட பெட்டிக்குள்ளும் நிற்பதில்லை. சீரான நடுத்தர வேகத்தில், ஆக்ஸிலேட்டரை மெதுவாக மிதித்தபடி செல்லும்போது எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் முள் லேசாக நடுங்கினால், டார்க் கன்வர்ட்டரின் (எஞ்சினின் விசையை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) பூட்டுக் கிளட்ச் சரியாகப் பிடிக்காமல் வழுக்குகிறது என்று ஐயப்படலாம்.

நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் பகுதிக்கு வருவோம். வண்டி திரும்பும்போது நான்கு சக்கரங்களும் நான்கு வேறு தூரங்களைக் கடக்கின்றன. முன்சக்கரங்கள் செல்லும் வளைவு பின்சக்கரங்களுடையதைவிடப் பெரியது. முன்னும் பின்னும் வேறு வேகத்தில் சுழல அனுமதிக்கவே நடுவில் ஒரு டிஃபரென்ஷியலோ, மோட்டாரால் இறுக்கப்படும் பல தகட்டுக் கிளட்சோ இருக்கிறது. திருப்பங்களில் சிறிது நேரம் மட்டும் உழைக்க வேண்டிய இந்தப் பாகத்தை, நேர்ச்சாலையிலும் ஓயாமல் உழைக்க வைத்துவிடலாம். முன்பக்கம் புதிய டயர்களும் பின்பக்கம் தேய்ந்தவையும் மாட்டினால் போதும். 760 மில்லிமீட்டர் விட்டமுள்ள புதிய டயரும், 5 மில்லிமீட்டர் ஆழம் தேய்ந்ததால் விட்டம் 750 ஆகக் குறைந்த டயரும் ஒரே தூரத்தைக் கடக்கும்போது, சிறியது கிலோமீட்டருக்கு ஐந்தரைச் சுற்று கூடுதலாகச் சுழல்கிறது. நூறு கிலோமீட்டர் பயணத்தில் ஐந்நூற்றைம்பது சுற்று வேறுபாடு. கிளட்ச் வகை அமைப்பில் அது முழுவதும் உராய்வாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. ஆகவே விற்பனைக்கு நிற்கும் வண்டியின் நான்கு டயர்களும் ஒரே மாதிரியா, ஒரே ஆழமா என்று பார்ப்பது டயர்களுக்காக மட்டுமன்று, விசையை முன்னும் பின்னும் பகிரும் இந்தப் பகுதியான டிரான்ஸ்ஃபர் கேஸின் கடந்த காலத்தை அறிவதற்காகவும்தான். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். காய்ந்த தார்ச்சாலையில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமிடும்போது வண்டி தடைபட்டுத் தத்தினால், நடுப்பகுதி விடுபட வேண்டிய நேரத்தில் விடுபடவில்லை.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது எல்லா வண்டிகளுக்கும் பொதுவானது. பெட்ரோல் எஞ்சினில் கணினி தானாகக் கூட்டிக் குறைக்கும் எரிபொருள் திருத்த அளவு நெடுநாளாக நூற்றில் பத்துக்கு மேல் கூட்டப்பட்டே இருந்தால், அளக்கப்படாத காற்று எங்கோ உள்ளே நுழைகிறது என்று பொருள் கொள்ளலாம். டீசல் வண்டியில் கவனிக்க வேண்டியது கரித்துகள் வடிகட்டி. அதில் சேரும் கரியை ஏறத்தாழ 600 டிகிரி வெப்பத்தில் எஞ்சினே எரித்துத் தூய்மைப்படுத்திக்கொள்கிறது. ஆனால் சாம்பல் எரிவதில்லை, அது சேர்ந்துகொண்டே போகிறது. இரண்டு எரிப்புகளுக்கு இடையே வண்டி ஓடிய தூரம் வரவரக் குறைந்துகொண்டிருந்தால் வடிகட்டி நிரம்பி வருகிறது. எப்போதும் குறுந்தூரமே ஓடிய வண்டியில் இந்த எரிப்பு பாதியில் நின்றுபோவதும், அதற்காகக் கூடுதலாகச் செலுத்திய டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து ஆயிலின் அளவு கூடிவிடுவதும் உண்டு. ஆயில் அளவு கூடியிருப்பது நல்ல அறிகுறியன்று.

மின்னமைப்பில் முதல் எதிரி நீர். சன்ரூஃபின் வடிகால் குழாய்கள் இலைத்தூசியால் அடைபட்டால் மழைநீர் தூண்களின் உட்புறம் வழிந்து, கம்பளத்துக்கு அடியில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை அரிக்கும். கம்பளத்தைக் கையால் அழுத்திப் பார்த்தால் ஈரம் தெரியும். இரண்டாவது, உறங்க மறுக்கும் கணினிகள். பூட்டிய வண்டி 50 மில்லி ஆம்பியருக்கும் குறைவாகவே மின்சாரம் எடுத்தால், 90 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு மாதத்துக்கும் மேல் தாங்கும். ஒரே ஒரு பெட்டி விழித்திருந்து 1 ஆம்பியர் இழுத்தால் நான்கு நாள்கூடத் தாங்காது. பேட்டரி பலவீனமான வண்டியில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பல எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரிவது இயல்பு. மற்றவற்றைச் சந்தேகிக்கும் முன் பேட்டரியைச் சோதிக்க வேண்டும்.

ஸ்கேனரில் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று விற்பவர் காட்டினால், அதோடு நிறுத்தக் கூடாது. குறியீடுகளை அழித்தவுடன், புகை தொடர்பான சுயசோதனைகளின் தயார்நிலைப் பதிவும் அழிந்துவிடும். பல விதமாகச் சில நாள்கள் ஓட்டினால்தான் அவை மறுபடி முடிந்ததாகப் பதிவாகும். குறியீடும் இல்லை, சோதனைகளும் முடியவில்லை என்றால், யாரோ அண்மையில் அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். காரணத்தைக் கேட்டுப் பதில் பெற்ற பிறகே பேச்சைத் தொடர வேண்டும்.

வாங்கிய பின் ஆகும் அன்றாடச் செலவை எந்தப் பழுதுபார்ப்பும் மாற்றாது. அது எடையும் உருவமும் தீர்மானிப்பது. 2,500 கிலோ வண்டி மணிக்கு 100 கிலோமீட்டரில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 9.6 லட்சம் ஜூல். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் பிரேக் தட்டுகள் இதை வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். 1,200 கிலோ காருக்கு இதில் பாதிகூட இல்லை. காற்றைப் பிளக்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. உயரமும் அகலமும் மிகுந்த இத்தகைய உருவத்துக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 15 கிலோவாட் தேவையென்றால், 120இல் அது ஏறத்தாழ 26 ஆகிவிடும். வேகத்தைச் சற்றுக் குறைப்பதைப்போல் எரிபொருளை மிச்சப்படுத்தும் வழி இந்த வண்டியில் வேறு இல்லை.

பழைய வண்டி கைக்கு வந்ததும், பதிவேடு என்ன சொன்னாலும், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் பின் டிஃபரென்ஷியல்கள், பிரேக், குளிர்விப்பான் ஆகிய அனைத்தின் திரவங்களையும் மாற்றிவிடுவது நல்லது. வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பார்த்தால், கருகிய நெடியும் காந்தத்தில் ஒட்டும் உலோகச் சிலும்புகளும் எந்தப் பெட்டியை அடுத்து கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்லும். குறைவேகக் கியர் (கடினமான தரையில் மெதுவாக, கூடுதல் இழுவிசையோடு செல்ல உதவுவது) உள்ள வண்டியில் அதை மாதம் ஒருமுறையாவது, மண் அல்லது சரளைத் தரையில், சில நூறு மீட்டர் தூரம் பயன்படுத்த வேண்டும். அந்தக் கியருக்கு மாற்றும் மோட்டார் ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்தால் இறுகிப்போகும். சேற்றில் சிக்கிய பிறகுதான் அது தெரியவரும்.