பியர் ரிவ்யூ: தமிழில் எப்படிச் சொல்வது?

பணி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்துவிட்டால் கல்லூரிகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "சார், அது பியர் ரிவ்யூட் ஜர்னல்தானே?" கேட்கிறவரும் தமிழ்த்துறை, பதில் சொல்கிறவரும் தமிழ்த்துறை. இருந்தாலும் அந்தச் சொல் மட்டும் அப்படியே ஆங்கிலத்தில்தான் வருகிறது. தமிழ் ஆய்விதழ்களின் அட்டையைப் பார்த்தால் ஒன்றில் 'வல்லுநர் மதிப்பீடு', இன்னொன்றில் 'சக மதிப்பாய்வு', வேறொன்றில் 'மீளாய்வு'. இவற்றில் எது பொருத்தம் என்று பார்க்குமுன் மூலச்சொல் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

ஓர் ஆய்விதழுக்கு வந்த கட்டுரையை, அதே துறையில் ஆய்வு செய்யும் வேறு சிலரிடம் அனுப்பி, வெளியிடலாமா, திருத்த வேண்டுமா, நிராகரிக்கலாமா என்று எழுத்தில் கருத்துக் கேட்பதுதான் பியர் ரிவ்யூ. பெரும்பாலும் இரண்டு பேரிடம் அனுப்புவார்கள். அவர்கள் முரண்பட்டால் மூன்றாமவர். முடிவெடுப்பது இதழாசிரியர். கருத்துச் சொன்னவர்கள் ஆலோசனைதான் சொல்கிறார்கள், தீர்ப்பு எழுதுவதில்லை. இந்தக் கடைசிச் செய்தியைப் பலர் கவனிப்பதில்லை.

'பியர்' லத்தீனின் 'பார்' என்ற சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பொருள், 'நிகரானவர்', 'சமமானவர்'. 1215-இல் இங்கிலாந்து மன்னர் ஜான் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டாவில், சுதந்திர மனிதன் ஒருவனைத் தண்டிப்பதென்றால் அவனுக்கு நிகரானவர்களின் தீர்ப்போ நாட்டுச் சட்டமோ வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பிரபுக்கள் சபை உறுப்பினர்களையும் 'பியர்' என்றே அழைக்கிறார்கள். ஒரு பிரபு மற்றொரு பிரபுவுக்குச் சமம் என்ற கணக்கு. அகராதியைத் திறந்து முதல் பொருளை எடுத்துக்கொள்கிற மொழிபெயர்ப்பாளர் கையில் மாட்டினால் 'பிரபுக்கள் மதிப்பாய்வு' என்று வந்துவிடும். சில இதழ்களின் ஆசிரியர் குழுவைப் பார்த்தால் அதுவும் பொருத்தம்தான் என்று தோன்றும், அது வேறு கதை.

'ரிவ்யூ' சிக்கலில்லாத சொல்: திரும்பப் பார்த்தல். ஆனால் தமிழில் அதற்கு மூன்று நான்கு வழிகள் ஏற்கெனவே இருப்பதால் குழப்பம் வருகிறது. வெளிவந்த நூலைப் பற்றி எழுதுவது மதிப்புரை. தேர்வுத்தாளுக்குப் போடுவது மதிப்பீடு. ஏற்கெனவே எடுத்த முடிவை மறுபடி பார்ப்பது மீளாய்வு. இலங்கைத் தமிழில் 'மீளாய்வு' என்ற சொல்லின் எல்லை இன்னும் அகலம். இன்னும் வெளிவராத கையெழுத்துப்படியைப் படித்து நிறைகுறை சொல்வது இவற்றில் எதிலும் சரியாக அடங்காது. 'மதிப்பாய்வு' அந்த இடைவெளிக்கு ஓரளவு பொருந்துகிறது. ஆக, ரிவ்யூவைப் பற்றிச் சண்டை வேண்டாம். சிக்கல் 'பியர்' பக்கம்தான்.

நடைமுறை எப்போது தொடங்கியது என்று கேட்டால் வழக்கமாகச் சொல்லும் ஆண்டு 1665. லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் செயலர் ஹென்றி ஓல்டன்பர்க் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்சன்ஸ்' இதழைத் தொடங்கிய ஆண்டு அது. ஆனால் ஓல்டன்பர்க் தாமே தேர்ந்தெடுத்து வெளியிட்டார். தெரிந்தவர்களிடம் அபிப்பிராயம் கேட்டிருக்கலாம், அது விதி இல்லை. 1731-இல் எடின்பரோவில் ஒரு மருத்துவச் சங்கம் தன் கட்டுரைத் தொகுப்பின் முன்னுரையில், வந்த கட்டுரைகளைப் பொருளுக்கேற்ப அதில் தேர்ந்த உறுப்பினர்களிடம் கொடுத்துப் பார்ப்பதாக எழுதியது. 1752-இல் ராயல் சொசைட்டி கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்க ஒரு குழு அமைத்தது. எழுத்தில் அறிக்கை கேட்கும் வழக்கம் 1830களில் வில்லியம் ஹ்யூவெல் என்ற கேம்பிரிட்ஜ் அறிஞரின் யோசனையால் அங்கே வந்தது. அப்படி அறிக்கை கேட்ட முதல் கட்டுரை வானியலாளர் ஜார்ஜ் ஏரியுடையது. மதிப்பாய்வாளர்கள் ஹ்யூவெலும் ஜான் லபக்கும். ஹ்யூவெல் கட்டுரையின் பெருமையைச் சொல்ல விரும்பினார், லபக் அதன் குறைகளைச் சொல்ல விரும்பினார். முதல் முறையே இருவரும் ஒத்துப்போகவில்லை!

அன்றைக்கு அவர்களைக் குறிக்கப் புழங்கிய சொல் 'ரெஃபரி'. வழக்கு மன்றத்திலிருந்து வந்த சொல். கால்பந்து மைதானத்துக்கும் அது அங்கிருந்துதான் போயிற்று. 'பியர் ரிவ்யூ' என்ற தொடர் பரவலானது மிகப் பிந்தி, 1970களை ஒட்டி. அமெரிக்காவில் அரசு ஆய்வு நிதியை யாருக்குக் கொடுப்பது என்ற அரசியல் விவாதத்தில் அது ஊன்றிக்கொண்டது. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. வடிவத்தைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை வெளி மதிப்பாய்வுக்குப் போகவில்லை. எல்லாக் கட்டுரைக்கும் அது கட்டாயம் என்று அந்த இதழ் வைத்துக்கொண்டது 1973-இல்தான். 1936-இல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ' ஆசிரியர் ஐன்ஸ்டைனின் கட்டுரையை இன்னொருவருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டதற்கு, அச்சாகும் முன் வேறு யாருக்கும் காட்ட நான் அனுமதி தரவில்லையே என்று அவர் கோபித்துக்கொண்டு கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். அந்த மதிப்பாய்வாளர் சுட்டிய பிழை சரியானது. பின்னால் வேறோர் இதழில் வந்தபோது கட்டுரையின் முடிவு மாறியிருந்தது.

இதெல்லாம் அறிவியல் கதை. மானுடப் புலங்களில், அதாவது இலக்கியம், வரலாறு, மெய்யியல் போன்ற துறைகளில், கதை கொஞ்சம் வேறு. அங்கே சோதனையைத் திரும்பச் செய்து பார்க்க வழியில்லை. புறநானூற்றுப் பாட்டு ஒன்றை வைத்து ஒருவர் வாதம் கட்டுகிறார் என்றால், படிக்கிறவர் கேட்பது வேறு மாதிரிக் கேள்விகள். எந்தப் பதிப்பு? உ.வே.சா.வின் 1894 பதிப்பா, பின்னால் வந்ததா? அந்த இடத்தில் பாடபேதம் உண்டே, அதை ஏன் சொல்லவில்லை? உரை எழுதாமல் விடப்பட்ட பாட்டுக்கு இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? இதையே முன்னர் ஒருவர் சொல்லியிருக்கிறாரே, பார்த்தீர்களா? இப்படிக் கேட்கத் தெரிந்தவர்தான் இந்தத் துறையில் பியர். பெரிய பதவியில் இருப்பவர் என்பதற்காக அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை.

பெயரை மறைப்பது பற்றிய பெரிய சண்டையும் இலக்கியத் துறையில்தான் நடந்தது. அமெரிக்காவின் நவீன மொழிகள் கழகம் நடத்தும் பி.எம்.எல்.ஏ. இதழ் (பணமோசடித் தடுப்புச் சட்டம் அல்ல) 1980 முதல் கட்டுரையாளர் பெயரை மதிப்பாய்வாளருக்குக் காட்டாமல் மறைத்தது. பெண்களும் இளம் ஆய்வாளர்களும் பெயர், கல்லூரி பார்த்தே ஒதுக்கப்படுகிறார்கள் என்ற புகார் அதற்கு முன்பே எழுந்திருந்தது. மில்டன் ஆய்வாளர் ஸ்டான்லி ஃபிஷ் இதை வெளிப்படையாக எதிர்த்தார். தன் பெயர் இருந்தால் கட்டுரை ஏற்கப்படும் வாய்ப்பு கூடுகிறது, அதனால்தான் எதிர்க்கிறேன் என்று கூச்சப்படாமல் எழுதினார். அதில் விளையாட்டு மட்டும் இல்லை. யார் சொன்னார் என்பதைக் கழித்துவிட்டுத் தரம் என்று தனியாக ஒன்று உண்டா என்பது அவருடைய கேள்வி. கேள்வி நல்லது. ஆனால் பெயர் இல்லாதவர்களுக்கு அதனால் என்ன பயன் என்பதற்கு அவரிடம் பதில் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

1996-இல் இன்னொன்று நடந்தது. இயற்பியலாளர் ஆலன் சோக்கல், அர்த்தமில்லாத வாக்கியங்களை நாகரிகமாகக் கோத்து ஒரு கட்டுரை எழுதி 'சோஷியல் டெக்ஸ்ட்' என்ற பண்பாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார். அது அச்சாயிற்று. உடனே, நான் செய்தது கேலி என்று வேறோர் இதழில் அறிவித்தார். பியர் ரிவ்யூ தோற்றுவிட்டது என்பதற்கு இதை இன்றும் சாட்சியாக நிறுத்துகிறார்கள். உண்மையில் அந்த இதழ் அப்போது கட்டுரைகளை வெளி மதிப்பாய்வுக்கு அனுப்பும் வழக்கமே வைத்திருக்கவில்லை. ஆசிரியர் குழு பார்த்து முடிவு செய்தது. தோற்றது ஆசிரியர் குழுதான்.

எதிர்த் திசையிலும் ஒரு முயற்சி உண்டு. 2010-இல் 'ஷேக்ஸ்பியர் குவார்ட்டர்லி' ஒரு சிறப்பிதழுக்கு வந்த கட்டுரைகளை இணையத்தில் திறந்து வைத்து, யார் வேண்டுமானாலும் சொந்தப் பெயரில் கருத்துச் சொல்லலாம் என்றது. 41 பேர் 350-க்கும் மேற்பட்ட கருத்துகள் எழுதினார்கள். வழக்கமாக இரண்டு பேர் ரகசியமாகச் செய்யும் வேலை அது.

பெயர்மறைப்பை ஆங்கிலத்தில் 'பிளைண்ட்' என்றார்கள். கட்டுரையாளர், மதிப்பாய்வாளர் இருவரில் ஒரு பக்கத்துப் பெயரை மட்டும் மறைத்தால் சிங்கிள், இரண்டு பக்கமும் மறைத்தால் டபுள். தமிழில் இதை 'இரட்டைக் குருட்டு மதிப்பாய்வு' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். குருட்டுத்தனமாகப் பார்த்தார்கள் என்று பொருள் வந்து, மதிப்பாய்வின் மானமே போய்விடுகிறது. பார்வையற்றவர்களைக் காயப்படுத்தும் சொல் என்று பல ஆங்கிலப் பதிப்பகங்களே இப்போது அதைக் கைவிட்டுப் பெயர் மறைத்தல் என்ற பொருளுள்ள சொல்லுக்கு மாறிவிட்டன. தமிழில் 'ஒருபுறப் பெயர்மறைப்பு', 'இருபுறப் பெயர்மறைப்பு' என்றால் போதும். ஆனால் தமிழாய்வு போன்ற சின்ன உலகத்தில் பெயரை மறைப்பது லேசான வேலை இல்லை. முதல் பக்கத்தில் பெயரை எடுத்துவிட்டு, அடிக்குறிப்பில் 'எனது முந்தைய கட்டுரையில் காட்டியது போல' என்று விட்டுவைப்பார்கள். கணினிக் கோப்பின் பண்புகளில் பெயர் அப்படியே கிடக்கும். அதையும் நீக்கினால், கள ஆய்வு நடந்த ஊரின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

சரி, நம் மரபில் இதற்குச் சொல் இல்லையா? 'அரங்கேற்றம்' இருக்கிறதே என்பார்கள். தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், தொல்காப்பியர் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசானுக்கு 'அரில்தபத் தெரிந்து' நூலைக் காட்டியதாகச் சொல்கிறது. அரில் என்றால் குற்றம், சிக்கல். அது இல்லாமல் ஆராய்ந்து காட்டினார் என்று பொருள். அழகான செய்தி, ஆனால் அது பியர் ரிவ்யூ ஆகாது. அங்கே கேட்பவர் ஆசான், பின்னால் அரசன் இருக்கிறான், எல்லாம் அவை நடுவே நேருக்கு நேர் நடக்கிறது. நிகரானவர் என்ற கருத்து அதில் இல்லை. அரங்கேற்றத்துக்கு நெருங்கிய உறவு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுதான். மணிமேகலை பாடிய சாத்தனாரைப் பற்றி ஒரு கதை உண்டு. பிறர் நூலில் பிழை கண்டால் எழுத்தாணியால் தன் தலையிலேயே குத்திக்கொள்வாராம், அதனால் தலை சீழ்பிடித்துச் 'சீத்தலை' ஆயிற்றாம். சீத்தலை ஊர்ப்பெயர் என்று அறிஞர்கள் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் அவரைப் போன்ற மதிப்பாய்வாளர் கிடைத்தால் கட்டுரையாளருக்கு எவ்வளவு நிம்மதி! இன்று குத்து விழுவது நம் தலையில்.

இப்போது சொற்களுக்கு வருவோம். 'வல்லுநர் மதிப்பீடு' எனக்குப் பிடிக்கவில்லை. வல்லுநர் என்றதும் மேலே இருந்து ஒருவர் மதிப்பெண் போடுகிறார் என்ற எண்ணம் வருகிறது. நெறியாளர், தேர்வாளர் என்றே பழகிய நம் கல்விச் சூழலில் அந்த எண்ணம் இன்னும் கெட்டிப்படும். இன்று நீங்கள் அவர் கட்டுரையைப் பார்க்கிறீர்கள், நாளை அவர் உங்கள் கட்டுரையைப் பார்ப்பார் என்பதுதான் பியர் என்ற சொல்லில் இருக்கும் செய்தி. 'இணை மதிப்பாய்வு' என்றால் இணைப் பேராசிரியர் செய்வது போலவோ இருவர் சேர்ந்து செய்வது போலவோ ஆகிவிடும். 'ஒத்தார் மதிப்பாய்வு' பொருளில் நேரானது, ஆனால் ஒத்துக்கொண்டவர்கள் என்றும் கேட்கும். 'சகபாடி' என்றும் ஒரு சொல் உண்டு, உடன் படித்தவர், தோழர். தமிழ்நாட்டில் அதை எழுதினால் பாதிப் பேர் 'சகலபாடி' என்று படித்து, மனைவியின் தங்கை கணவர் எதற்கு இங்கே வந்தார் என்பார்கள்.

மிஞ்சுவது 'சக மதிப்பாய்வு'. சக ஊழியர், சக மாணவர், சக பயணி என்று எல்லோரும் புழங்கும் 'சக'வில் ஏற்றத்தாழ்வு இல்லை. வடமொழி வேர் என்று தயங்குபவர்கள் 'உடனாய்வாளர் மதிப்பாய்வு' எனலாம், கொஞ்சம் நீளம். 'சக'வை அடுத்து ஆளைக் குறிக்கும் சொல் வருவதே வழக்கம் என்பதால், முதல் முறை எழுதும்போது 'சக ஆய்வாளர் மதிப்பாய்வு' என்று விரித்துவிட்டு, அப்புறம் 'சக மதிப்பாய்வு' என்று சுருக்கிக்கொள்வது என் பழக்கம்.

இதழ்க் கொள்கையைத் தமிழில் எழுத உட்காரும்போது இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று வரும்: 'ஆசிரியர்'. நூல் எழுதியவர் ஆசிரியர், இதழ் நடத்துபவர் ஆசிரியர், கல்லூரியில் பாடம் நடத்துபவரும் ஆசிரியர். 'திருத்தங்களை ஆசிரியர் ஏற்காவிட்டால் ஆசிரியரின் முடிவே இறுதியானது' என்று ஒரு விதி எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. எழுதியவரைக் 'கட்டுரையாளர்' என்றும் நடத்துபவரை 'இதழாசிரியர்' என்றும் கடைசி வரை பிரித்தே எழுத வேண்டும்.

இந்திய ஆய்விதழ்களுக்கு இது இப்போது அவசர வேலையும்கூட. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதத்தில் தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரேயடியாக நீக்கியது. அப்புறம் அதற்குப் பதிலாகக் குழு கொண்டுவந்த 'கேர்' என்ற இதழ்ப் பட்டியலும் 2025 பிப்ரவரியில் முடிவுக்கு வந்தது. எந்த இதழ் தரமானது என்பதைக் கல்வி நிறுவனங்களே பார்த்து முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார்கள். அட்டையில் 'பன்னாட்டு' என்று போட்டால் வேலை முடிந்தது என்ற நிலை இனி இல்லை. யார் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை எழுதிக் காட்ட வேண்டும். ஓர் இதழ் தன் கொள்கையை இப்படி எழுதிக்கொள்ளலாம்:

'வரும் கட்டுரைகளை முதலில் இதழாசிரியர் பார்ப்பார். இதழின் பொருளெல்லைக்குள் வராதவை அந்த நிலையிலேயே திருப்பி அனுப்பப்படும். மற்றவை இருபுறப் பெயர்மறைப்புடன் சக ஆய்வாளர் இருவரின் மதிப்பாய்வுக்குச் செல்லும். கட்டுரையாளரின் நெறியாளர், கட்டுரையாளரிடம் பயிலும் மாணவர், அவருடன் ஒரே கல்லூரித் துறையில் பணிபுரிபவர் ஆகியோர் மதிப்பாய்வாளராக இருக்கமாட்டார்கள். மதிப்பாய்வுக் குறிப்புகள் முழுமையாகக் கட்டுரையாளருக்குத் தரப்படும். குறிப்போடு உடன்படாத இடத்தில் கட்டுரையாளர் காரணம் எழுதலாம். வெளியிடுவது பற்றிய முடிவு இதழாசிரியருடையது.'