சாமான் வந்துவிட்டது, பணம் கட்டவில்லை: யாருக்கு என்ன கடமை?

தோட்டப்புறத்தில் நாம் கடைக்குப் போவதைவிடக் கடை நம் வாசலுக்கு வருவதுதான் அதிகம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் சம்பளம் போட்ட வாரத்தில் வேன்கள் வரிசையாக நுழையும். அலமாரி, மெத்தை, பிரஷர் குக்கர், தண்ணீர் வடிகட்டி எல்லாம் வரும். "சாமானை இறக்கி வைக்கிறோம் அக்கா, காசைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். அந்தப் 'பிறகு' என்றைக்கு, எவ்வளவு என்று யாரும் எழுதித் தருவதில்லை. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

இதில் இரண்டு தவறான எண்ணங்கள் நம்மிடையே உலவுகின்றன. காசு கொடுக்காதவரை நமக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்பது ஒன்று. சாமான் வீட்டுக்குள் வந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு முழுப் பணத்தையும் கட்ட வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதை நம்பி வழக்கில் மாட்டியவர்களும் உண்டு, இரண்டாவதை நம்பி உடைந்த சாமானுக்கு மாதாமாதம் தவணை கட்டியவர்களும் உண்டு.

சட்டம் என்று பார்த்தால் 1957ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டமும், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் போதும். சாமானை ஒப்படைப்பதும் பணம் கொடுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்பது பொது விதி. பிறகு தரலாம் என்று இருவரும் பேசி ஒப்புக்கொண்டால் அந்தப் பேச்சுதான் செல்லும். ஆகவே, தவணைத் தேதியையும் மொத்தத் தொகையையும் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்குகிறவரிடம் சாமானே வாங்க வேண்டாம்.

கேட்ட சாமான் கேட்டபடி, குறையில்லாமல் வந்திருந்தால் ஏற்றுக்கொண்டு பணம் கட்டுவது உங்கள் கடமை. மனம் மாறிவிட்டது, மாமியாருக்கு நிறம் பிடிக்கவில்லை என்பதெல்லாம் காரணம் ஆகாது. வீடு தேடி வந்து விற்றவரிடம் வாங்கியிருந்தால் மட்டும் நேரடி விற்பனைச் சட்டம் 10 வேலை நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் எழுத்து மூலமாக ரத்து செய்யலாம். பட்டணத்துக் கடையில் நீங்களே போய் வாங்கியதற்கு இந்த அவகாசம் கிடையாது. இதைத் தெரியாமல் கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை.

குறையோடு வந்தாலோ, வேறு சாமான் வந்தாலோ, 'ஏற்றுக்கொள்வது' என்றால் சட்டம் எதைச் சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சாமானைக் கையில் வாங்கினாலே ஏற்றுக்கொண்டதாகிவிடாது. திறந்து சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கும்வரை நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருத முடியாது. ஆனால் 'சரி' என்று சொல்லிவிட்டாலோ, சொந்தச் சாமான்போல் பயன்படுத்தத் தொடங்கிவிட்டாலோ, வேண்டாம் என்று சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் வைத்திருந்தாலோ ஏற்றுக்கொண்டதாகத்தான் பொருள். நம்மவர்களைக் கவிழ்ப்பது கடைசியாகச் சொன்னதுதான்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் மூன்று கதவு அலமாரி கேட்டிருந்தார். இரண்டு கதவு அலமாரி வந்தது, ஒரு கதவின் கீலும் பிய்ந்திருந்தது. வேன் ஓட்டுநரிடம் சொன்னார். "முதலாளியிடம் சொல்கிறேன் அம்மா" என்று அவர் போய்விட்டார். தீபாவளி நெருங்கவே, துணி வைக்க இடமில்லாமல் சேலைகளை அதிலேயே அடுக்கினார். சில மாதங்கள் கழித்து வசூல்காரர் வந்து மூன்று கதவு அலமாரியின் முழு விலையையும் தாமதக் கட்டணத்தையும் கேட்டார். "அன்றைக்கே சொன்னேனே தம்பி" என்றார் அம்மாள். "யாரிடம் சொன்னீர்கள்? எங்களிடம் ஒன்றும் பதிவாகவில்லையே" என்பது பதில். உள்ளே சேலைகள் இருக்கும்போது 'நான் ஏற்கவில்லை' என்று எப்படி வாதாடுவது? கடைசியில் கொஞ்சம் குறைத்துக் கட்டி முடித்தார்.

அதனால் சொல்கிறேன், ஓட்டுநரிடம் சொன்னதை நம்பி இருக்காதீர்கள். விற்றவருக்கே எழுத்தில் அனுப்புங்கள். என்ன கேட்டோம், என்ன வந்தது, என்ன குறை, 'நான் இதை ஏற்கவில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்' என்ற நான்கு வரி போதும், கூடவே படங்கள். நிராகரித்த சாமானைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடமை வாங்கியவருக்கு இல்லை. "நீங்களே ஈப்போ கடைக்குக் கொண்டு வாருங்கள், லாரி வாடகை உங்களுடையது" என்பது வெறும் மிரட்டல். அவர் வந்து எடுக்கும்வரை பயன்படுத்தாமல், மழையில் நனையாமல் பத்திரமாக வைத்திருங்கள்.

கையெழுத்து இன்னொரு கண்ணி. ஓட்டுநர் நீட்டும் தாளில் 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பாட்டியோ, பள்ளி விட்டு வந்த பிள்ளையோ கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே 'பாராங் பெலும் டிபெரிக்சா' (சாமான் இன்னும் சோதிக்கப்படவில்லை) என்று மலாயில் எழுதி, அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லி வையுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இதைப் பழக்கிவிடுங்கள்.

எண்ணிக்கை மாறினாலும் விதி உண்டு. ஆறு நாற்காலி கேட்டு நான்கு வந்தால் நான்கையும் திருப்பலாம். வைத்துக்கொண்டால் நான்குக்கு மட்டும் பேசிய விலையில் கட்ட வேண்டும். எட்டு வந்தால் ஆறை எடுத்துக்கொண்டு இரண்டைத் திருப்பலாம். எட்டையும் வைத்துக்கொண்டால் எட்டுக்கும் பணம். கேட்காமலேயே வரும் 'வந்ததும் பணம்' பார்சலுக்கு ஒப்பந்தமே கிடையாது, வாங்காதீர்கள். மகன் ஆர்டர் செய்திருப்பான் என்று நினைத்துப் பணம் கொடுக்கும் பெற்றோர்தான் இந்த மோசடிக்கு இரை. முதலில் மகனுக்குப் போன் போடுங்கள்.

வசூல்காரர் 'போலீஸ்' என்று பயமுறுத்தினால் பயப்பட வேண்டாம். தவணை பாக்கி சிவில் விவகாரம், அதற்காகக் கைது கிடையாது. தோட்ட அலுவலகத்தில் கிராணியிடம் (எழுத்தரிடம்) சொல்லிச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வேன் என்பார்கள். நீங்கள் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளாமலும், தொழிலாளர் துறை அனுமதி இல்லாமலும் வெளியாருக்காகச் சம்பளத்தில் பிடிக்க 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. புரியாத தாளில் கையெழுத்துப் போட்டு அந்தச் சம்மதத்தை நீங்களே கொடுத்துவிடாதீர்கள்.

பேச்சில் தீரவில்லை என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. மலாயில் திரிபுனால் பெங்குனா என்று கேட்டால்தான் பலருக்குத் தெரியும். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட்வரை கோரலாம், இருதரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. பணம் முழுதும் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஒப்பந்தத்தை ரத்து செய்யவும், கொடுத்த முன்பணத்தைத் திருப்பித் தரவும் மன்றம் உத்தரவிடலாம். சிக்கல் தோன்றி மூன்று ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அங்கே போய்ச் சேர்வதற்குள் படும் பாடு வேறு. போலீஸ் நிலையத்துக்குப் போனால் "இது சிவில் விவகாரம், அமைச்சுக்குப் போங்கள்" என்பார்கள். உள்நாட்டு வாணிப அமைச்சின் புகார் எண்ணான 1-800-886-800க்கு அழைத்துப் புகார் எண் ஒன்றை வாங்கிக்கொண்டு, காரியம் முடிந்தது என்று பலர் காத்திருக்கிறார்கள். அமைச்சிடம் கொடுக்கும் புகார் வேறு, மன்றத்தில் போடும் மனு வேறு. புகார் விசாரணைக்குப் போகும், உங்கள் பணம் அதனால் திரும்பாது. பணம் வேண்டுமென்றால் முதலாம் பாரம் என்ற மனுப் படிவத்தை நிரப்பி மன்றத்தில்தான் பதிய வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தைக் கவுண்டரில் சொல்ல ஏன் இத்தனை தயக்கமோ தெரியவில்லை.

பாரத்தில் விற்றவரின் பதிவுப் பெயரும் முகவரியும் வேண்டும். வேனில் எழுதியிருக்கும் பெயர் உதவாது. ரசீதில் உள்ள பதிவு எண்ணைக் கொண்டு மலேசிய நிறுவன ஆணையத்தில் தேடி எடுங்கள். எண்ணே இல்லாத ரசீது என்றால் வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டும். ரசீதில் மகன் பெயர் இருக்கிறது, நீங்கள் மனு போட முடியாது என்று யாராவது திருப்பி அனுப்பினால், வாங்குபவரை மட்டுமல்ல, பயன்படுத்துபவரையும் சட்டம் பயனீட்டாளர் என்கிறது என்று நின்று பேசுங்கள். மறுபடி விற்பதற்காக வாங்கிய கடைச் சரக்குக்கு மட்டும் இந்த மன்றம் கிடையாது.

மனு பதிந்ததும் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடாதீர்கள். முத்திரையிட்ட பாரத்தின் பிரதியை எதிர்த்தரப்புக்கு நீங்களே நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்க்க வேண்டும். தபால் ரசீதை விசாரணை நாளில் காட்ட வேண்டும். அது இல்லாவிட்டால் விசாரணை தள்ளிப்போகும், இன்னொரு நாள் கூலியும் ஈப்போ பஸ் செலவும் உங்கள் தலையில். அவர் வராவிட்டாலும் மன்றம் தீர்ப்பளிக்கலாம், ஆனால் நீங்கள் வராவிட்டால் மனுவே தள்ளுபடியாகலாம். வேலை விடுப்புக்கு விசாரணைக் கடிதத்தை முன்கூட்டியே கிராணியிடம் காட்டிவிடுங்கள்.

தீர்ப்பு வந்தபின் 14 நாளுக்குள் அதன்படி நடக்காவிட்டால் அது குற்றம். "அடுத்த மாதம் தருகிறேன் அண்ணே" என்ற பேச்சை நம்பி அந்த நாளைத் தாண்டவிடாதீர்கள். 15ஆம் நாளே தீர்ப்பின் நகலோடு மன்றத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் 'பெறப்பட்டது' என்று முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.