பெயர்ப்பலகை இல்லாத செல்ஃப் மோட்டார்

துருவேறிய இரும்பு உருளை. ஒரு முனையில் பல்சக்கரம், உடம்பில் விரல் பருமனுக்கு ஒரு செம்புத் திருகு. பழைய கார் பாகங்களின் குவியலில் இப்படி ஒன்று கிடைத்தால் எல்லோரும் முதலில் தேடுவது பெயர்ப்பலகையைத்தான். நான் அதைக் கடைசிக்குத் தள்ளுவேன். டெல்கோ, ரெமி, ஆட்டோ-லைட், வெஸ்டிங்ஹவுஸ் எல்லாம் பல கார் நிறுவனங்களுக்கு மோட்டார் விற்றவை. பலகை, மோட்டாரைச் செய்தவர் பெயரைச் சொல்லும். எந்தக் காரில் இருந்தது என்பதைப் பெரும்பாலும் சொல்லாது.

முதலில் அது இன்ஜினைக் கிளப்பும் ஸ்டார்ட்டரா (செல்ஃப் மோட்டார் என்பது இதைத்தான்), மின்சாரம் தயாரிக்கும் டைனமோவா என்று பாருங்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். சுழலும் பாகத்துக்கு மின்சாரத்தைக் கடத்தும் கட்டைகளான பிரஷ்களின் மூடியைக் கழற்றினால் விஷயம் வெளிவந்துவிடும். உடம்போடு அசையாமல் நிற்கும் காந்தச் சுருளான ஃபீல்டு காயிலில், தட்டையான செம்புப் பட்டையில் சில சுற்றுகளே இருந்தால் ஸ்டார்ட்டர். மெல்லிய கம்பி ஏராளமாகச் சுற்றியிருந்தால் டைனமோ. ஸ்டார்ட்டர் 6 வோல்ட்டில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும், மெல்லிய கம்பி அதில் கருகிவிடும். பிரஷ்ஷும் கன்னங்கரேலென்று இராது. செம்புத்தூள் கலந்து செந்நிறம் தட்டும்.

இவ்வளவு மின்சாரத்தை இத்தனை சிறிய மோட்டார் தாங்குவது, சில விநாடிகள் மட்டுமே ஓடுவதால்தான். கல்லாப்பெட்டிக்கு மின்மோட்டார் பொருத்திய அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங்குக்கு இந்தச் சூட்சுமம் முன்பே பிடிபட்டிருந்தது. 1912 காடிலாக்கில் வந்த அவருடைய டெல்கோ இயந்திரம் ஸ்டார்ட்டராகவும் டைனமோவாகவும் ஒன்றே இருந்து வேலை செய்தது: கிளப்ப 24 வோல்ட், விளக்குக்கு 6 வோல்ட். ஆகவே தடித்த சுற்றும் மெல்லிய சுற்றும் ஒரே உடம்பில் இருந்தால், யாரோ தப்பாக ரிப்பேர் செய்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். 1914 இறுதியில் வந்த டாட்ஜ் காரின் நார்த் ஈஸ்ட் இயந்திரமும் இப்படி இரட்டை வேலைதான். 12 வோல்ட், சங்கிலியால் இன்ஜினோடு இணைந்தது.

முனையிலுள்ள சிறிய பல்சக்கரமான பினியன் ஒரு முறுக்குத் திருகின் மேல் உட்கார்ந்து, பக்கத்தில் கனத்த ஸ்பிரிங் இருந்தால் அது பென்டிக்ஸ். வின்சென்ட் பென்டிக்ஸின் இந்த ஏற்பாட்டுக்கு நெம்புகோல் தேவையில்லை. தண்டு சட்டெனச் சுழலும்போது பினியன் தன் நிலைமத்தால் பின்தங்கும்; அதனால் திருகு வழியே நகர்ந்து இன்ஜினின் கனத்த சக்கரமான ஃபிளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையத்தை, அதாவது ரிங் கியரைக் கவ்வும். இன்ஜின் ஓடத் தொடங்கி ரிங் கியர் வேகமெடுத்ததும், பினியன் வந்த வழியே திரும்ப உதறப்படும். மெக்கானிக்குகள் வாயில் அவர் பெயர் இன்றும் பாகத்தின் பெயராகவே புழங்குகிறது. 1919இல்தான் மின் ஸ்டார்ட்டர் கிடைத்த ஃபோர்டு மாடல் டி-யிலும் இதுதான்.

பலரும் சறுக்குவது சுழலும் திசையில். எந்த முனையிலிருந்து பார்க்கிறோம் என்று சொல்லாமல் ‘கடிகாரத் திசை’ என்பதில் அர்த்தமில்லை. வழக்கம், பினியன் பக்கமிருந்து பார்ப்பது. திசை தெரியாத பென்டிக்ஸ் மோட்டாரில் பினியனைக் கையால் பிடித்துக்கொண்டு தண்டைத் திருப்புங்கள். பினியன் எந்தத் திருப்பத்தில் ரிங் கியரை நோக்கி நகர்கிறதோ அதுவே மோட்டாரின் திசை. ரிங் கியர் எந்தப் பக்கம் இருந்தது என்பதை, பற்களின் எந்த ஓரம் நுழைவதற்காகச் சீவப்பட்டிருக்கிறது என்பது காட்டும். திசை பொருந்தாத மோட்டாரை வாங்கிவிட்டு, பேட்டரி வயரை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. நடக்காது. ஸ்டார்ட்டர் ஒரு சீரிஸ் மோட்டார்; அதில் ஃபீல்டும், சுழலும் பாகமான ஆர்மேச்சரும் ஒரே வரிசையில் இருப்பதால் இரண்டின் காந்தமும் சேர்ந்தே தலைகீழாகும், திசை மாறாது.

பிறகு பினியன் பற்களை எண்ணுங்கள், பொருத்தும் விளிம்பின் துளைகளுக்கு இடையே அளந்து கொள்ளுங்கள். இப்போது, பெயர்ப்பலகை இருந்தால் அதற்கு வரலாம். அமெரிக்கப் பலகைகளில் காப்புரிமைத் தேதிகள் வரிசையாக இருக்கும். அவை தயாரித்த தேதிகள் அல்ல. மோட்டார் அவற்றில் கடைசித் தேதிக்கு முன் செய்யப்படவில்லை, அவ்வளவே.

ஓட்டிப் பார்க்க ஆசை வந்தால் பட்டறைப் பிடியில் இறுக்கிவிட்டு, ஒரே நொடி மின்சாரம் கொடுங்கள். சுமையில்லாத சீரிஸ் மோட்டார் வேகத்துக்கு எல்லை வைத்துக்கொள்ளாது; நூறு வயதான ஆர்மேச்சரின் சுற்றுகள் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.