கடின நீரும் ஹீட்டர் காயிலும்: எங்கே படிகிறது, எப்படி எடுப்பது

கீசரை ஆன் செய்ததும் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கிறதா? வெந்நீர்க் குழாயில் வெள்ளைச் சில்லுகள் வருகின்றனவா? காயிலைக் கழற்றிப் பார்த்தால் முட்டை ஓடு போலக் கெட்டியான படிவு அதைச் சுற்றி மூடியிருக்கும். உடைந்து விழுந்த மிச்சம் தொட்டியின் அடியில் குவிந்து கிடக்கும்.

கடின நீரில் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட்டுகள் கரைந்திருக்கின்றன. தண்ணீர் குளிர்ந்திருக்கும்வரை அவை கண்ணுக்குத் தெரிவதில்லை. சூடேறும்போது கார்பன் டைஆக்சைடு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட் பிரிந்து படிகிறது. 60 டிகிரியைத் தாண்டினால் படியும் வேகம் நன்றாகவே கூடும். தண்ணீரைவிடக் காயிலின் மேற்பரப்பு எப்போதும் அதிகச் சூடாக இருப்பதால் முதல் அடி அதற்குத்தான்.

இதனால் மின்கட்டணம் பல மடங்கு ஏறிவிடும் என்று பலரும் எழுதுகிறார்கள். மின்சாரக் கீசரைப் பொறுத்தவரை அது மிகை. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால் அதன் வெப்பம் தாமதமானாலும் தண்ணீருக்குத்தான் போகிறது. உண்மையில் குறைவது காயிலின் ஆயுள். படிவு வெப்பத்தைச் சரியாகக் கடத்தாததால் உள்ளிருக்கும் கம்பி அளவுக்கு மீறிச் சூடாகிறது. வெளி உறை விரிசல் விடுகிறது. விரிசல் வழியே ஈரம் உள்ளே போய் மின்கசிவு தொடங்குகிறது. கீசரைப் போட்டாலே ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காயிலைத்தான். அதற்காக ஆர்.சி.சி.பி.யைத் தவிர்த்து நேரடி இணைப்புக் கொடுப்பது உயிருக்கு ஆபத்து. கேஸ் ஹீட்டரின் கதை வேறு. அங்கே படிவு சேர்ந்தால் சூடு புகைபோக்கி வழியாக வெளியேறிவிடும். எரிவாயு நிஜமாகவே வீணாகும்.

கீசரில் எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது சேஃப்டி வால்வு. படிவு அடைத்து அது இறுகிவிட்டால், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில் உள்ளே ஏறும் அழுத்தத்துக்குப் போக்கிடம் இருக்காது. லீவர் உள்ள வால்வாக இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை லேசாகத் தூக்கிப் பாருங்கள், தண்ணீர் பீறிட வேண்டும். வெந்நீர் தெறிக்கும் என்பதால் கீசர் ஆறியிருக்கும்போது செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்யும்போது, தான் கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் மெக்னீசியம் ராடையும் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரிந்தால் உடனே மாற்ற வேண்டும். ராடு தீர்ந்துவிட்டால் துரு அடுத்து அரிப்பது தொட்டியைத்தான். தெர்மோஸ்டாட்டை 75-இல் வைத்திருந்தால் 60-க்கு இறக்குங்கள். செலவே இல்லாத தடுப்பு இது.

வாஷிங் மெஷினில் குளிர்ந்த நீரில் மட்டும் துவைத்தால் ஹீட்டரில் படிவு அவ்வளவாகச் சேராது. ஆனால் கால்சியம் டிடர்ஜென்ட்டின் ஒரு பங்கைச் செயலிழக்கச் செய்துவிடும். துணி மங்கும், டவல் முரடாகும். பவுடர் பாக்கெட்டில் கடின நீருக்கெனத் தனி அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தண்ணீர் மெதுவாக ஏறினால் குழாயை மூடி, இன்லெட் ஹோஸைக் கழற்றி, உள்ளிருக்கும் சிறு வலையைக் குறடால் இழுத்தெடுங்கள். எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம் கரைத்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் சுத்தமாகிவிடும்.

டிரம்மில் படிவு நீக்க, துணி போடாமல் 100 கிராம் சிட்ரிக் அமிலத்தை டிரம்முக்குள் இட்டு 40 முதல் 60 டிகிரிக்குள் ஒரு முழுச் சுற்று ஓட்டி, பிறகு வெறும் நீரில் ஒருமுறை அலச வேண்டும். 90 டிகிரி வேண்டாம். அதிகச் சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற புது வெள்ளைப் படிவு உருவாகக்கூடும். கெட்டிலுக்கும் இதே விதிதான்: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி, அரைமணி நேரம் ஊறல், இரண்டு முறை அலசல். அமிலத்தோடு சேர்த்துக் கொதிக்கவிடக் கூடாது.

இரசாயனக் கணக்குப்படி 100 கிராம் கால்சியம் கார்பனேட்டைக் கரைக்க ஏறத்தாழ 130 கிராம் சிட்ரிக் அமிலம் தேவை. கீசர் காயிலின் தடித்த ஓட்டுக்கு இரண்டு கரண்டி எந்த மூலைக்கு? மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, காயிலைக் கழற்றித் தனியே ஊறவைக்க வேண்டும். வயரிங் தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. கழிப்பறை ஆசிட்டை எந்தச் சாதனத்திலும் ஊற்றாதீர்கள். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குழி குழியாக அரித்துவிடும். எந்த அமிலத்தையும் பிளீச்சோடு கலந்தால் நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

தண்ணீரை அளப்பதில் பரவலாக நடக்கும் தவறு, டிடிஎஸ் மீட்டரை நம்புவது. அது கரைந்திருக்கும் உப்புகளை மொத்தமாகக் காட்டுமே தவிர, அதில் கால்சியம் எவ்வளவு, சோடியம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. கால்சியத்தை எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தை விடும் சாஃப்டனர் என்ற கருவியை மாட்டிய பிறகும் டிடிஎஸ் கிட்டத்தட்ட அப்படியே இருப்பது இதனால்தான். சாஃப்டனர் வேலை செய்யவில்லை என்று பொருளல்ல. சொட்டுவிட்டு நிறமாற்றம் பார்க்கும் கடினத்தன்மை கிட் வாங்குங்கள். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் கடின நீர், 180-க்கு மேல் மிகக் கடின நீர்.

சாஃப்டனர் வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். அதற்குள் கால்சியத்தைப் பிடிக்கும் சிறு மணிகளான ரெசின், ஒரு லிட்டர் அளவுக்குத் தோராயமாக 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும். தண்ணீர் லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்றால் 100 லிட்டரிலேயே அது நிறைந்துவிடும். பிறகு லிட்டர் ரெசினுக்கு 100 முதல் 150 கிராம் சாதாரண உப்பை 10 சதவீதக் கரைசலாக மெதுவாகச் செலுத்திப் புதுப்பிக்க வேண்டும். குழாய்மேல் கட்டும் காந்தம் தண்ணீரிலிருந்து கால்சியத்தை எடுப்பதில்லை. கட்டிய பிறகும் கிட்டில் அதே அளவுதான் காட்டும்.