கேவி எண்ணைப் பார்த்து மோட்டார் வாங்காதீர்கள்

மேலூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலுக்கு, ரிமோட்டில் பறக்கவிடும் தெர்மாகோல் விமானத்தோடு வரும் பையன்கள் முதலில் கேட்பது, "அண்ணே, எத்தனை கேவி போடலாம்?" என்றுதான். கேவி கூடினால் பலம் கூடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பலத்துக்கும் அந்த எண்ணுக்கும் நேரடிச் சம்பந்தமே கிடையாது. சுமை இல்லாமல், ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்பதுதான் கேவி. 1000 கேவி மோட்டாரை 11.1 வோல்ட் லிப்போ பேட்டரியில் மாட்டினால் 11,100 சுற்று வரும், ப்ராப்பை, அதாவது முன்னால் சுழலும் விசிறியை, மாட்டியதும் அதுவும் இறங்கிவிடும்.

சரி, எங்கே தொடங்குவது? விமானத்தை பேட்டரியோடு சேர்த்துத் தராசில் வையுங்கள். பழகுகிறவர்களுக்கு கிலோவுக்கு 150 முதல் 200 வாட் போதும், குட்டிக்கரணம் அடிக்க ஆசைப்பட்டால் 250க்கு மேல் வேண்டும். ஒரு கிலோ விமானத்துக்கு 180 வாட் என்று வைத்து 11.1ஆல் வகுத்தால் 16 ஆம்பியர் சொச்சம். அதைச் சூடேறாமல் தாங்கும் மோட்டாரைத் தேடுங்கள், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி 30 ஆம்பியரில் இருக்கட்டும்.

தாங்குமா என்பதை மோட்டாரின் உடம்புதான் சொல்லும். அதன் மேல் 2212 என்று போட்டிருந்தால் பெரும்பாலும் உள்ளே கம்பி சுற்றிய ஸ்டேட்டர் 22 மில்லிமீட்டர் விட்டம், 12 மில்லிமீட்டர் உயரம். அதே 2212இல் 920 கேவியும் கிடைக்கும், 1400ம் கிடைக்கும். கம்பியின் சுற்றுகளைக் குறைத்தால் கேவி ஏறுகிறது, அவ்வளவுதான். குறைந்த கேவிக்குப் பெரிய ப்ராப், கூடிய கேவிக்குச் சின்னது. வீட்டு பிஎல்டிசி சீலிங் ஃபேனும் இதே இனம்தான், நீள இறக்கைகளை நிதானமாகச் சுற்றியே அறை முழுக்கக் காற்றைத் தள்ளுகிறது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளினால் மின்சாரம் மிச்சம். மெதுவாகப் பறக்கும் விமானத்துக்கு நான் எப்போதும் குறைந்த கேவியைத்தான் சொல்வேன்.

ப்ராப் விஷயத்தில் நான் ஒருமுறை நன்றாகவே பட்டேன். ஒத்தக்கடை தாண்டி, ஆனைமலை தெரிகிற பொட்டலில், சித்திரை வெயிலில், 10 அங்குலம் இருந்த இடத்தில் 11 மாட்டினேன். ஓர் அங்குலம்தானே! ஆனால் அதே வேகத்தில் சுற்ற, விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப பவர் ஏறும். 1.1ஐ நான்கு முறை பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. மூன்றாவது வட்டத்திலேயே இழுவை போய்விட்டது. இறக்கிப் பார்த்தால் வார்னிஷ் கருகிய வாடை, செம்புக்கம்பி கறுத்துக் கிடந்தது.

அப்புறம் வாட் மீட்டர் இல்லாமல் நான் பறக்கவிட்டதில்லை. விமானத்தை இறுகக் கட்டி, ப்ராப்பின் பின்பக்கம் நின்றுகொண்டு, சில வினாடி முழு த்ராட்டில் கொடுத்துப் பாருங்கள். ஆம்பியர் மோட்டாரின் வரம்பைத் தாண்டினால், ப்ராப்பை ஓர் அங்குலம் குறைத்து மறுபடி அளந்துவிட்டுக் கிளப்புங்கள்.